ஆறாம் கோட்டில் ஒரு கை

கடலுக்குப் போன கஸ்பார் திரும்பி வராத மூன்றாம் நாள் காலையில், அவன் மனைவி பிரகாசி வேலைபார்த்த ஆய்வுக்கூடத்துக் கணினியில், எந்த வயரும் எவர் உடம்பிலும் ஒட்டப்படாமல் சும்மா கிடந்த ஆறாம் கோட்டில், அவனுடைய வலது கை வந்து சேர்ந்தது.

அன்று பிரகாசி வேலைக்கு வந்திருக்க வேண்டியதில்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், ஒருவர் மாற்றி ஒருவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்கள், அந்தப் பேசாமை தாங்காமல் அவள் பின்வாசல் வழியாக இறங்கி, உப்பளத்து வரப்பில் ஒன்றரை மைல் நடந்து, பல்கலைக்கழகத்தின் தசை நரம்பு ஆய்வு நிலையத்துக்கு வந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மற்ற நாட்களில் செய்வதைப் போலவே கணினியைத் திறந்தாள்.

அந்த நிலையம் முன்னொரு காலத்தில் ஐஸ் தொழிற்சாலையாக இருந்த கட்டடம். மூணுகல்துறைக்காரர்களின் கைகள் நாற்பது வயதுக்குள் ஏன் விறைத்துப்போகின்றன, சோற்றைப் பிசையக்கூட விரல் ஏன் மடங்க மறுக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் டாக்டர் கமலவேணி அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். மீனவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள், முன்கையில் மூன்று ஸ்டிக்கர்களை ஒட்டிக்கொள்வார்கள், ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார்கள். அப்போது தசைக்குள் ஓடுகிற மின்சாரத்தை வயர் வழியாக வாங்கிக் கோடாக வரைந்து காட்டுவதற்கு ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. அதற்குப் பதிவான் என்று பெயர். திரையில் எட்டுக் கோடுகள் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கும். தசை சும்மா இருந்தால் கோடு காற்றில்லாத நாளின் கடல் மாதிரி கிடக்கும், தசை இறுகினால் கோடு சிலிர்த்துக்கொண்டு எழும்பும், எழும்பியதை எல்லாம் பதிவான் ஒன்று விடாமல் எழுதி வைத்துக்கொள்ளும். ஊரிலேயே முதன்முதலாக இயற்பியல் படித்த பெண் என்பதால் அதை ஓட்டுகிற வேலை பிரகாசிக்குக் கிடைத்திருந்தது.

கஸ்பாரும் ஆறு மாதத்துக்கு முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். பிரகாசிதான் அவன் முன்கையைப் பஞ்சால் துடைத்து ஸ்டிக்கர் ஒட்டினாள். கல்யாணமாகி நான்கு வருடத்தில் பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, அவள் அவன் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை, இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. கைப்பிடியைப் பிடிப்பதற்கு முன் கஸ்பார் அதை விரலால் இரண்டு தட்டுத் தட்டினான்.

“எதுக்குத் தட்டுறீங்க?” என்று டாக்டர் கமலவேணி கேட்டார்.

“கயிறானாலும் வலையானாலும் ‘இருக்கியா’ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பிடிக்கது மேடம். சின்னதுலேர்ந்தே பழகிட்டுது.”

அதனால்தான் அந்த மூன்றாம் நாள் காலையில், சுவரில் ஆணியில் மாட்டிக் கிடந்த ஆறாவது வயருக்குரிய கோட்டில் முதலில் இரண்டு சின்ன மேடுகள் தோன்றி, அதன் பின்னால் கோடு சிலிர்த்து எழும்பி, எழும்பியபடியே நின்று ஓடத் தொடங்கியதும், பிரகாசிக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் வயரை ஆணியிலிருந்து கழற்றிப் பார்த்தாள். அதன் நுனியில் ஒன்றும் இல்லை. திரும்ப அதே ஆணியில் மாட்டினாள். பிறகு திரைக்கு அருகில் குனிந்து, வேலைக்கு வந்ததும் வீட்டுக்கு ஃபோன் செய்து சொல்வதைப் போல, “நான் வந்துட்டேங்க” என்றாள்.

கோடு இன்னும் ஒரு விரல் உயர்ந்தது.

பத்து மணிக்குள் ஊரே ஐஸ் தொழிற்சாலைக்கு வந்துவிட்டது. கஸ்பாரின் தாய் சலேத்தம்மாள், மீன்கூடை சுமந்து சுமந்து கழுத்து தடித்தவள், கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் நின்றாள். கஸ்பாரோடு அதே வள்ளத்தில் போய், வள்ளம் கவிழ்ந்ததும் நீந்திப் பிழைத்து வந்த தொம்மை அவளுக்குப் பின்னால் நின்றான்.

“இது எந்தக் கைட்டி?” என்று சலேத்தம்மாள் கேட்டாள்.

“வலது கை மாமி.”

“என்ன செய்யுது?”

“எதையோ பிடிச்சிக்கிட்டு இருக்காவ.”

தொம்மை அழத் தொடங்கினான். “வள்ளத்துக் கயிறுதான். கவுந்த வள்ளத்துல கயித்தைப் பிடிச்சிக்கிட்டுக் கிடந்தான். விட்டுறாதலே மாப்ளே, நான் போய் ஆள் கூட்டியாறேன்னு சொல்லிட்டுத்தான் நான் நீந்துனேன். திரும்ப வந்து பாத்தா வள்ளமும் இல்ல, அவனும் இல்ல.”

சலேத்தம்மாள் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஐயா கஸ்பாரு, விட்டுறாதய்யா! அம்மா கூப்பிடுதேன், விட்டுறாத!” என்று கத்தினாள், ஆறாம் கோடு கோபுரம் மாதிரி எழும்பியது. அந்தக் கணினியில் மைக் எதுவும் கிடையாது. ஆனால் அதை அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

தேடப் போனார்கள். கை பிடித்திருக்கிறது என்றால் ஆளும் எங்கோ இருக்கத்தானே வேண்டும் என்று மூணுகல்துறையின் முப்பத்தாறு படகுகளும் இருபத்து மூன்று நாள் கடலைச் சல்லடையாகச் சலித்தன. வடக்கே பவளத் தீவுகள் வரைக்கும், தெற்கே கப்பல் பாதை வரைக்கும் போய், கண்ணில் பட்ட மிதவை, கட்டை, பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. இருபத்து நான்காம் நாள் வலைகளை எடுத்துக்கொண்டு வழக்கமான வேலைக்குப் போனார்கள், ஆனால் ஒருவரும் கஸ்பார் போய்விட்டான் என்று சொல்லவில்லை. அவன் இருக்கிறான், எங்கே என்றுதான் தெரியவில்லை என்று சொன்னார்கள், அசலூரில் பிள்ளைகள் வேலைபார்க்கிற வீடுகளிலும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

பங்குச் சாமியார் முதலில் தடுமாறினார். மரித்தவர்களுக்கான மன்றாட்டில் அவன் பெயரைச் சொல்ல முடியாது, கடலிலிருந்து பிழைத்து வந்தவர்களுக்கான நன்றியிலும் சொல்ல முடியாது. இரண்டு ஞாயிறு யோசித்துவிட்டு, மூன்றாம் ஞாயிறு பூசையில் அவரே புதிதாக ஒரு மன்றாட்டைச் சேர்த்தார். “பிடித்துக்கொண்டிருக்கிற கஸ்பாருக்காக மன்றாடுவோம்” என்றார், “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று ஊர் முழுக் குரலில் சொன்னது. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த அலுவலர் ஆளைக் காட்டச் சொன்னபோது அவரை ஐஸ் தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார், ‘வெளியே போயிருக்கிறார்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. பங்கேற்பாளர் கையெழுத்திட்ட சம்மதம் ஒரே ஒரு பதிவுக்குத்தான், இத்தனை மாதமாகப் பதிவு நடப்பது எப்படி என்று கேட்டிருந்தார்கள். டாக்டர் கமலவேணி, பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று சம்மதப் படிவத்தில் இருக்கிறது, அவர் இதுவரை விலகிக்கொள்ளவில்லை என்று பதில் எழுதினார். அதற்கு மேல் அவர்கள் எழுதவில்லை.

கணினியை அணைப்பதே இல்லை. கரண்ட் போனால் கோயில் திருவிழாவுக்கு வைத்திருந்த ஜெனரேட்டர் மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. பதிவானுக்குப் புது வடிவம் வந்திருக்கிறது, மாற்றிப் போட்டுவிட்டுப் போகிறேன் என்று நகரத்திலிருந்து வந்த எஞ்சினியரை மீன்காரப் பெண்கள் நாற்காலியில் உட்காரவே விடவில்லை. டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்பினார்கள். கல்யாணப் பத்திரிகை அடித்தவர்கள் முதல் பத்திரிகையை ஆறாம் கோட்டுக்கு முன்னால் வைத்தார்கள். நெத்திலி நிறையப் பட்ட நாளில் ஒரு கை நெத்திலி கஸ்பார் பங்கு என்று சலேத்தம்மாள் வீட்டுக்கு வந்தது. சாஃப்ட்வேர் என்றால் என்னவென்றே தெரியாத பெண்களும் கோட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். கோடு தடித்திருந்தால் இன்றைக்குப் பிள்ளை தெம்பாக இருக்கிறான் என்றார்கள், மெலிந்திருந்தால் நேற்றுக் கச்சான் காற்று ஓங்கி அடித்ததே, பாவம், தூங்கியிருக்க மாட்டான் என்றார்கள்.

ஞாயிறு தவிர தினமும் காலை பத்து மணி கூப்பிடுகிற நேரம் என்று ஆயிற்று. முப்பது பேர், நாற்பது பேர் வந்து நின்று, “கஸ்பாரே, விட்டுறாத!” என்று ஒரே குரலில் கூப்பிடுவார்கள், கோடு திரையின் மேல்விளிம்பைத் தொடும், ஒருவரையொருவர் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போவார்கள். மாதங்கள் போகப் போகக் கோடு தடித்துக்கொண்டே வந்தது. வருடம் திரும்பியபோது பனைமரம் மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள்.

பிரகாசி கொடுத்துவைத்தவள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மற்றப் பெண்களின் புருஷன்மார் கடலுக்குப் போனால் வருகிறவரைக்கும் ஒரு சேதியும் கிடையாது, இவளுக்கானால் காலையிலிருந்து மாலை வரைக்கும் புருஷன் கை கண் முன்னாலேயே இருக்கிறது. அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், வேறு யாரும் வருவதற்கு முன்னால், அவள் கதவைத் திறந்து உள்ளே போய், “வந்துட்டேங்க” என்பாள். முந்தின நாள் என்ன குழம்பு வைத்தாள், மாமிக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது என்று எல்லாவற்றையும் சொல்வாள். புருஷன் பெண்டாட்டிக்குள் சொல்ல நேரமில்லாமல் போகிறவை எல்லாவற்றையும் அந்தப் பத்து நிமிடங்களில் அவள் சொல்லித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

பதினான்காம் மாதத்தில் டாக்டர் கமலவேணி ஆண்டறிக்கைக்காக ஆறாம் கோட்டின் ஆய்வு முடிவைக் கேட்டார். பதிவானில் ஓடுகிற கோடு ஒரு பக்கம் இருக்கும், அதை அலசிப் பார்க்கிற பக்கம் இன்னொன்று இருக்கும். அந்த இரண்டாவது பக்கத்தைப் பிரகாசி இத்தனை நாளும் திறக்கவே இல்லை. உயிரோடு இருக்கிற புருஷனை எந்தப் பெண்தான் எண்களாக்கிப் பார்ப்பாள். அன்றைக்குத் திறந்தாள். நானூற்றுச் சொச்சம் நாட்களின் பதிவையும் பதிவான் முக்கால் மணி நேரம் மென்று, கடைசியில் ஒரு படத்தைப் போட்டது.

கோட்டின் உயரம் நாளுக்கு நாள் ஏறியிருந்தது. அதை ஊரே பார்த்திருந்தது. கோடு வினாடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்ற எண்ணிக்கையோ நாளுக்கு நாள் இறங்கியிருந்தது. முதல் நாள் தொண்ணூற்றிரண்டாக இருந்தது முப்பத்தெட்டுக்கு வந்திருந்தது.

பிரகாசி அந்தப் படத்தை நூறு தடவை பார்த்திருக்கிறாள். கைப்பிடியை இரண்டு நிமிடம் விடாமல் பிடிக்கச் சொன்னால் எந்த மீனவனுக்கும் கடைசியில் இதே படம்தான் வரும். தசை தளர்ந்து போகையில், முன்பு கொஞ்சம் நார் செய்த வேலையை இப்போது அத்தனை நாரும் சேர்ந்து செய்தாலும் முடியாமல் போகையில், கோடு தடிக்கும், துடிப்பு மந்தமாகும். அந்த நேரத்தில் அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றி வியர்த்து, போதுமாம்மா என்கிற மாதிரி அவளைப் பார்ப்பார்கள். அவளும் போதும், விட்டுடுங்க என்பாள்.

தடித்தது தெம்பினால் அல்ல.

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நாள் நாளாக, மணி மணியாகப் பிரித்துப் பார்த்தாள். நிலையம் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கை தளர்ந்திருந்தது. சாயங்காலம் ஆக ஆக அநேகமாக விட்டுவிடுகிற நிலைக்கு வந்திருந்தது. திங்கட்கிழமை காலையில் ஒரு சுண்டு சுண்டி மறுபடியும் இறுகியிருந்தது. இறுகியது எந்த நேரத்தில் என்று பார்த்தாள். ஊர் கூடிக் கூப்பிடுகிற பத்து மணியாக இருக்கும் என்றுதான் நினைத்தாள், இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்தாள். ஒன்பதுக்குப் பத்து நிமிடம். ஒவ்வொரு திங்கட்கிழமையும், ஒவ்வொரு நாளும், எல்லாவற்றையும் விட உயரமான எழுச்சி ஒன்பதுக்குப் பத்து நிமிடத்தில்தான் இருந்தது.

மறுநாள் அவள் சலேத்தம்மாளைக் கூப்பிடுகிற நேரத்துக்கு முன்னாலேயே தனியாகக் கூட்டிக்கொண்டு வந்து விஷயத்தைச் சொன்னாள். சலேத்தம்மாள் நம்பவில்லை.

“ஏட்டி, தாய் கூப்பிட்டா பிள்ளைக்கு நோவா எடுக்கும்? கம்ப்யூட்டர் சொல்லுதுன்னு நீயும் சொல்லுத.”

“மாமி, ஒரே ஒரு தடவை நான் சொல்லுத மாதிரி செய்யுங்க. அதுக்கப்புறம் நான் வாயத் திறக்க மாட்டேன்.”

அவள் மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து, முன்கையைப் பஞ்சால் துடைத்து, மூன்று ஸ்டிக்கர்களை ஒட்டி, முதல் கோட்டின் வயரை மாட்டினாள். நிறையத் தண்ணீர் பிடித்த ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கையில் கொடுத்துத் தரையில் படாமல் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். திரையில் முதல் கோடு எழும்பியது, ஆறாம் கோடு கீழே தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. கூடை சுமந்த கை, லேசில் தளரவில்லை. ஒன்றரை நிமிடம் ஆனதும் முதல் கோடு தடிக்கத் தொடங்கியது.

“பாத்தியாட்டி, எனக்கும் அவனுக்கு மாதிரியே தடிக்குது” என்று சலேத்தம்மாள் பெருமையாகச் சொன்னாள்.

இரண்டு நிமிடம் ஆயிற்று. சலேத்தம்மாளின் மணிக்கட்டு ஆடத் தொடங்கியது, தண்ணீர் விளிம்பில் தளும்பியது, கோடு இன்னும் தடித்தது. கீழே ஆறாம் கோடும் அதே தடிமனில், அதே மந்தத்தில், ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஓடியது.

“வச்சிரட்டா?”

“வைக்காதீங்க மாமி.”

“கை கடுக்குதுட்டி.”

“விட்டுறாதீங்க” என்றாள் பிரகாசி. அவளுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனாலும் குரலை உயர்த்தி, ஊர் கூப்பிடுகிற அதே ராகத்தில், “விட்டுறாதீங்க மாமி! நான் கூப்பிடுதேன், விட்டுறாதீங்க!” என்றாள். சலேத்தம்மாளின் கை தன்னையறியாமல் இன்னொரு தடவை இறுகியது, கோடு துள்ளி மேல்விளிம்பைத் தொட்டது, அவள் வாய் வலியில் கோணியது. அப்படியே மருமகளின் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி மருமகளைப் பார்த்தாள். வாளி விழுந்தது. தண்ணீர் தரையெல்லாம் ஓடி, கணினி மேசையின் கால் வரைக்கும் போய் நின்றது.

சலேத்தம்மாள் கையை மடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டே, “எத்தனை நாள்ட்டி?” என்று கேட்டாள்.

“நானூத்தி முப்பத்தொண்ணு.”

“எனக்கு மூணு நிமிசம் முடியல” என்றாள் சலேத்தம்மாள். “யேசுவே, எனக்கு மூணு நிமிசம் முடியல.”

பத்து மணிக்கு ஊர் வந்தபோது அவளே வாசலில் நின்று எல்லாரிடமும் சொன்னாள். சிலர் கோபப்பட்டார்கள். அவனைக் கைகழுவப் பார்க்கிறீர்களா என்று ஒரு கிழவர் கேட்டார். தொம்மைதான் கடைசியில் முன்னால் வந்தான். “விட்டுறாதேன்னு முதல்ல சொன்னது நான். நான் வருவேன்னுதான் பிடிச்சிருக்கான். இனி யாரு சொன்னா விடுவான்?” என்று கேட்டான். எல்லாரும் சலேத்தம்மாளைப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டினாள்.

“பெத்த வாயால அந்த வார்த்தை என்னால சொல்ல முடியாது. அவ சொல்லட்டும்.”

பிரகாசி திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நாற்பது பேரும் உள்ளே வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள். “போதுங்க” என்றாள். “நீங்க பிடிச்சது போதும். கையை விட்டுடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் இருந்துக்கிடுவேன். விட்டுடுங்க.”

அவள் குரல் கேட்டதுமே ஆறாம் கோடு எழும்பியது. விடுங்க விடுங்க என்று அவள் சொல்லச் சொல்ல அது இன்னும் இன்னும் எழும்பி, திரையின் மேல்விளிம்பில் முட்டி, அங்கேயே நின்று நடுங்கியது. எல்லாரும் பார்த்தார்கள். பிரகாசி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பங்குச் சாமியார் மெல்லச் சொன்னார். “அவனுக்கு என்ன சொல்லுறோம்னு கேக்கல பிரகாசி. குரல் மட்டுந்தான் கேக்குது.”

அப்படியென்றால் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அன்று மதியத்திலிருந்து மூணுகல்துறையில் யாரும் கஸ்பாரைக் கூப்பிடவில்லை. பூசையில் அந்த மன்றாட்டை விட்டார்கள். ஊரில் அதே பெயர் வைத்த இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது, அதன் தாய் அதைத் தம்பி என்று கூப்பிடத் தொடங்கினாள். கடற்கரையில் ஏலம் போடுகிறவர்கள்கூட ஐஸ் தொழிற்சாலைப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில் போட்டார்கள். சலேத்தம்மாள் தினமும் காலையில் வந்து நிலையத்து வாசலில் வேப்பமரத்தடியில் உட்காருவாள், சாயங்காலம் எழுந்து போவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

உள்ளே பிரகாசி மட்டும் இருந்தாள். காலடிச் சத்தமும் கேட்கக்கூடாது என்று செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவாள். பதினான்கு மாதமாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் நாற்காலியில் உட்காருவாள். மூன்றாம் நாள், ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், யாரும் கூப்பிடாமலே ஆறாம் கோடு தானாக ஒரு தடவை எழும்பியது. எழும்பி, கொஞ்சம் நின்று, இறங்கியது. கதவு திறக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி இன்னொரு தடவை எழும்பியது. பிரகாசி சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, இதோ இருக்கிறேன் என்று நெஞ்சுக்குள்கூடச் சொல்லாமல், அந்தப் பத்து நிமிடத்தையும் கழித்தாள். ஐந்தாம் நாளும் அதே நேரத்தில் கோடு எழும்பியது, முன்னளவு இல்லை. ஏழாம் நாள் ஒரு சின்ன அசைவு. எட்டாம் நாள் அந்த நேரம் வந்தது, போனது, கோட்டில் ஒன்றும் இல்லை. அவள் காத்திருப்பதை அவன் மறந்துவிட்டான் என்பது அவளுக்குப் புரிந்தது, அவனை அப்படி மறக்கவைப்பதைத்தான் அவள் அந்த எட்டு நாளும் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் காலை பத்து நாற்பதுக்குக் கை விட்டது. முதலில் சுண்டுவிரல் பக்கத்துத் தசை. அதன் பின் நடுவிரல். ஆள்காட்டி விரல் கொஞ்சம் தயங்கியது. ஒவ்வொன்றாகக் கோடு படி இறங்கி வருவதைப் பிரகாசி பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கட்டைவிரலும் விட்டதும், எட்டுக் கோடுகளும் ஒரே மாதிரிக் கிடந்தன.

ஓய்வில் இருக்கும் தசையை அரை மணி நேரம் பார்த்த பிறகுதான் பதிவு முடிந்ததாக எழுத வேண்டும் என்பது நிலையத்தின் விதி. அவள் அரை மணி நேரம் பார்த்தாள். கோட்டில் ஒரு மணல் அளவு அசைவும் இல்லை. சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

“வந்துட்டேங்க” என்றாள்.

கோடு நேராக ஓடியது.

“இஞ்சேருங்க” என்றாள். “நான்தான்.” பிறகு அவன் பெயரைச் சொன்னாள். மனைவி புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அந்த ஊரில் இல்லை, அவளும் அதுவரை சொன்னதில்லை. முதலில் மெதுவாகச் சொன்னாள், பிறகு கொஞ்சம் உரக்கச் சொன்னாள், பிறகு எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, கஸ்பாரே, கஸ்பாரே என்று கத்தினாள். கோடு நேராக, கருணையே இல்லாமல், இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பது நாளுக்குப் பிறகு அந்தப் பெயர் கேட்டதும் வெளியே வேப்பமரத்தடியில் சலேத்தம்மாள் எழுந்தாள். என்ன ஆயிற்று என்று அவள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி, கதவைத் திறந்து உள்ளே வந்தாள். அவளைப் பார்த்ததும் பிரகாசி சட்டென்று குரலை நிறுத்தி, செய்யக்கூடாததைச் செய்துவிட்டவள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சலேத்தம்மாள் அருகே வந்து, அந்தக் கையை வாயிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள்.

“கூப்பிடு மக்ளே” என்றாள். “நல்லாச் சத்தமாக் கூப்பிடு. இனி அவனுக்குக் கை வலிக்காது.”